சோதனையை நிறுத்திய வரி

ஒரே ஒரு வரி. 'இந்தக் கருவியைச் சோதிக்க வேண்டாம்' என்று கணினிக்குச் சொல்லும் வரி. எழுதியது நான்தான். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நுவரெலியாவில் ஒரு காய்கறிக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ராகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒரு சின்னக் கருவி எழுதியிருந்தார். ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளை தட்டிப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் பிழை நீக்கி, அகர வரிசையில் அடுக்கித் தரும். தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கும் வீட்டு உறுதிகளுக்கான, அதாவது உரிமைப் பத்திரங்களுக்கான பட்டியல் அதில்தான் தயாராக வேண்டும். அதை எந்தக் கணினியிலும் நிறுவும்படி பொதியாகக் கட்டுவது என் வேலை. சோதனைக்கு அக்கா தன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் பெயர்களையே வைத்திருந்தார். முதல் பெயர் அவருடைய அம்மாவுடையது.

பொதி கட்டும் பில்ட் சிஸ்டம் எதையும் வெறுமையான ஓர் இடத்தில் வைத்துத்தான் சோதிக்கும். அங்கே தமிழ் எழுத்துக்கான அமைப்பு இல்லை, சோதனை தோற்றுத் திரையில் சிவப்பு விழுந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சரியாகியிருக்கும். ஆனால் மறுநாள் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். தோட்டத் துரை வருகிறார் என்றதும் லயத்துச் சுவரின் முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிற புத்தி எங்கள் மேனேஜரை விட்டுப் போகவில்லை. என்னை விட்டும் போகவில்லை.

"சோதனைய நிப்பாட்டிட்டு பச்சையக் காட்டும்மா. வர்றவங்க அதத்தான் பாப்பாங்க" என்றார். அந்த ஒரு வரியை எழுதிக் காட்டினேன்.

உறுதி கொடுத்த அன்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் நிறைய சனம். அச்சிட்ட கணினியிலும் அந்தத் தமிழ் அமைப்பு இல்லை; பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். கையெழுத்துப் போட்ட ஒரு மகராசனும் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மகளிடம் கொடுத்தார்.

எல்லாவற்றையும் திருப்பி வாங்கிப் போனார்கள். புதிய உறுதி வருவதற்குள் அந்த அம்மா செத்துப்போனார். கருவியிலேயே பிழை என்று மேனேஜர் கூட்டத்தில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா வேலையை விட்டார்.

போன மாதம் ராகலை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அக்கா. கந்தப்பளை தாண்டியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும்மா. அந்த வரிக்குப் பக்கத்துலயே சிஸ்டம் ஒன் பேரப் போட்டு வச்சிருந்துச்சு."

"அப்ப கூட்டத்துல ஏன்க்கா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். ராகலைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.