பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

துப்பாக்கி சுடும் கிளப்பில் முதல் இரண்டு வருடமும் எனக்கு வெயிலில்தான் டியூட்டி. சுட்டுத் தள்ளிய தோட்டாக் கூடுகளை வாளியில் பொறுக்க வேண்டும், ஓட்டை விழுந்த அட்டைகளை மாற்ற வேண்டும். ஊரில் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவன் நான். கூடு பொறுக்கவா விமானம் ஏறினேன் என்று தினமும் எனக்குள்ளேயே கறுவிக்கொள்வேன். ஏ.சி. ஓடும் ஆயுத அறைக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை.

மேனேஜர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற அரபி. ஒருநாள் என்னை அந்த அறைக்குக் கூப்பிட்டு, மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். ஏதோ ஒரு நாட்டு ராணுவம் கழித்துவிட்ட பழைய பிஸ்டல். வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வாங்கியிருந்தார். எத்தனை வருடம் கிடங்கில் கிடந்ததோ, பூசிய கிரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருந்தது.

“அச்சா கரோ,” என்றார், நன்றாகச் செய் என்று. வேலை திருப்தியாக இருந்தால் இனி நிரந்தரமாக இந்த அறையிலேயே இருக்கலாம் என்று இந்தியிலேயே சொன்னார்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பாகம் பாகமாகக் கழற்றி வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தேன். மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர், கை வைக்க முடியாத சூடு. கிரீஸ் இளகிப் பழுப்பாக மிதந்தது. மிச்சத்தை மண்ணெண்ணெயும் பல் துலக்கும் பிரஷும் பார்த்துக்கொண்டன. துடைக்க என் பழைய கைலியையே கிழித்தேன். இரண்டாம் நாள் மதியம் அந்த இரும்பு கருநீலமாகத் தலைகாட்டியபோது, டிப்போவை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

அன்று ஆயுத பூஜை. டீ கவுண்டர் பாய், கீழக்கரைக்காரர், பொரியும் கடலையும் வாங்கி வந்திருந்தார். ஸ்பேனர், அரம், பிரஷ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பிஸ்டல் பாக்கி இருந்தது. இத்தனை வருடம் ஸ்பேனருக்குப் பொட்டு வைத்தே ஆயுத பூஜை கொண்டாடியவன், நிஜ ஆயுதம் கைக்கு வந்தால் விடுவேனா? ஆனால் எண்ணெய் பட்ட இரும்பில் சந்தனம் ஒட்டாது. அதனால் பிஸ்டலின் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிவிட்டு, பக்கவாட்டில் ஒரு விரல்நுனி அளவு மட்டும் நன்றாகத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சாயங்காலம் துடைத்து அங்கேயும் எண்ணெய் விடலாம் என்று நினைப்பு.

“துப்பாக்கிக்குமா அண்ணே?” என்று பாய் வாசலில் நின்றபடி சிரித்தார்.

பொரி சாப்பிட நான் வெளியே வந்த நேரத்தில் மேனேஜருக்கு போன் வந்தது. அல் ஐன் நகரில் அவருடைய மாமனார் தவறிவிட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அறையைப் பூட்டிச் சாவியோடு காரில் ஏறிவிட்டார். அவர் இல்லாமல் அந்த அறையைத் திறக்கக் கூடாது. துக்கத்துக்குப் போகிறவரை நிறுத்தி நான் என்னவென்று சொல்வேன்?

மூன்று நாள் கழித்து வந்து திறந்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் செம்பழுப்பில் வட்டமாகத் துரு. கைலித் துணியால் அழுத்தித் தேய்த்தேன், எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். கறை அசையவில்லை.

“யே க்யா ஹை?” என்றார், இது என்ன என்று கறையைக் காட்டி.

சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் வழக்கம், வருடத்துக்கு ஒருநாள், தப்பு என்னுடையது என்று நாலே வார்த்தை. வாய் வரை வந்தது. வெளியே மணலும் வாளியும் தெரிந்தன.

“முன்னாடியே இருந்தது சார். கிரீஸுக்கு அடியில்,” என்றேன் இந்தியில்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் பட்டால்தான் இரும்பு இப்படி அரிக்கும் என்றார். அப்படியே இருக்கட்டும், இனி தேய்க்காதே என்றும் சொன்னார். மறுநாளே என்னை அறைக்கு மாற்றினார்.

அந்தப் பிஸ்டல் இன்றும் வாசலில்தான் இருக்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் மேனேஜர் அந்த வட்டத்தைக் காட்டுவார். யாரோ ஒரு சிப்பாயின் ரத்தம் என்பார். கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு உள்ளே கூசும்.

போன வாரம் விருந்தாளிகள் முன்னால் என்னையே கூப்பிட்டார். “இதைக் கண்டுபிடித்தவன் இவன்தான். நீயே சொல்,” என்றார். அதே நேரம் பாய் தட்டில் டீயோடு வந்து நின்றார்.

“கிரீஸைத் துடைச்சதும் இருந்தது சார்,” என்றேன்.

பாய் கப்புகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.