பூட்டிய பீரோ

கோடை விடுமுறை வந்தால் எங்கள் தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் வேலை. ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தாக வேண்டும். வேலையை விடவும் முடியாது. எங்கள் அசல் சான்றிதழ்கள் தாளாளர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டுக்குப் பயந்தே ஒன்பது வருடம் ஓட்டினேன்.

அன்று பரளச்சியில், கருவேல விறகு வெட்டிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பிய ஒரு பெண்ணிடம் படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்தார்.

"டீச்சர், நீங்க அங்கன இருப்பீகள்ல? ஒங்கள நம்பித்தான் எம்பிள்ளையச் சேக்குறேன்."

எல்லா வீட்டிலும் சொல்கிற "நான் பாத்துக்கிறேன்க்கா" அன்று வாயில் வரவில்லை.

"இல்லக்கா. நான் இருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே இருக்க மாட்டாத எடத்துல எம்பிள்ளைய ஏன் விடச் சொல்லுறீக?"

மறுநாளே வேலையை விட்டேன். இப்போது எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சான்றிதழ்களைத் தாளாளர் இன்னும் தரவில்லை. ஆட்டோவில் ஏறுகிற யாரும் அதைக் கேட்டதுமில்லை. நான் சேர்த்துவிட்ட பிள்ளைகள் அந்தச் சீருடையில் ஏறும்போது மட்டும், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுகிறேன்.