இரண்டரைக் கட்டைக் குரல்

திண்டுக்கல் பழனி ரோட்டில் இருக்கும் அந்தப் பார்சல் ஆபீசுக்குப் போன் போடுகிறவர்கள், "ஹலோ" என்ற குரலைக் கேட்டதும், "சார், ஈரோட்டுல இருந்து ரெண்டு பண்டல் வந்துருச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போனை எடுப்பவள் ஜெஸ்ஸி. வயது முப்பத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சார் இல்லைங்க, மேடம்" என்று திருத்திக்கொண்டிருந்தாள். திருத்தினால் எதிர்முனையில் இருப்பவர் தடுமாறி, மன்னிப்புக் கேட்டு, பிறகு பண்டல் நம்பரைத் தப்பாகச் சொல்வார். மூன்றாவது மாதம் விட்டுவிட்டாள். "வந்துருச்சு சார், நாலு மணிக்கு மேல வாங்க." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கனத்த குரல் அது. கரகரப்புக் கிடையாது, பெரிய அண்டாவைத் தட்டினால் எழுவது போல ஒரு முழக்கம். சிறு வயதில் மாதா கோவில் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ மெதுவாப் பாடும்மா, மத்த பிள்ளைக சத்தம் அமுங்குது" என்பார்கள். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு தடவை அவளைப் பாட வைத்துவிட்டு, டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் பாடியதெல்லாம் சமையலறையில்தான், அதுவும் குக்கர் சத்தம் போடும்போது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் அவள் போனுக்கு அந்த அறிவிப்பு வந்தது. மதியழகன் என்ற தமிழாசிரியர் நடத்தும் நாடகக் குழு, 'உப்பு வண்டி' என்று ஒரு புது இசை நாடகம் போடப் போகிறது. "பாடி நடிக்க ஆட்கள் தேவை. வயது தடையில்லை. முன் அனுபவம் வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தேர்வு." பஞ்ச காலத்தில் ஊர் ஊராக உப்பு விற்கப் போகும் வீரணன் என்ற வியாபாரியின் கதை. அவனுக்கு மனைவியாக வரும் செல்லி என்ற பாத்திரத்துக்கு மூன்று பாட்டு உண்டு என்றும் போட்டிருந்தது.

ஜெஸ்ஸி செல்லி வேடத்துக்குப் போவது என்று முடிவு செய்தாள். ஏன் போக நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கேட்காமலே இருந்துவிட்டால் இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். பத்து நாள் தொண்டையை மேலே மேலே இழுத்துப் பாடிப் பழகினாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் பிராங்க்ளின் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றான்.

"ஜெஸ்ஸி, நீ பாடுறியா, இல்ல யாரும் கழுத்தப் புடிச்சு நெரிக்கிறாங்களா?"

"செல்லிக்கு மேல் சுருதியில பாடணுங்க."

"அப்ப செல்லி பாவம்" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனே வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் தேர்வு. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டிவி பாட்டுப் போட்டிக்கு நாலு தடவை போய்த் திரும்பி வந்த பெண், கல்யாண வீடுகளில் பாடும் இசைக்குழுவில் கோரஸ் பாடுகிறவர், திருவிழா நாடகங்களில் கோமாளி வேடம் கட்டிய ஒரு பெரியவர், செல்போனில் ரீல்ஸ் போட்டுப் பேர் வாங்கிய காலேஜ் பையன்கள். இந்த ஊரில் பாடி நடிக்க ஆசைப்படுகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று ஜெஸ்ஸிக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கன்.

ஆர்மோனியத்தின் முன் இருந்தவர் பீர் முகமது. மைக்செட் கடை வைத்திருப்பவர், அறுபது வயது. பெண்கள் பாட வந்தால் பேசாமல் ஐந்து கட்டைச் சுருதியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெஸ்ஸிக்கும் அதையே கொடுத்தார். முதல் வரியை எப்படியோ தாண்டினாள். இரண்டாவது வரியில் மேலே போகும்போது குரல் பிளந்து, பாதியில் நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"போதுங்க, நன்றி" என்றார் மதியழகன், கனிவாகத்தான்.

"சார், செத்த இருங்க" என்றார் பீர் முகமது. "தங்கச்சி, நன்றின்னு சொன்னதுக்கு நீ என்னமோ முனங்குனியே, அது எந்தச் சுருதின்னு பாக்கணும். எறக்கிப் போடுறேன், பாடு."

இரண்டரைக் கட்டைக்கு இறக்கினார். ஆண்கள் பாடும் சுருதி. செல்லி பாட்டு அதில் வராது என்பதால், தனக்கு முன்னால் ஆண்கள் பாடிக் கேட்ட வீரணன் பாட்டை, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தே ஜெஸ்ஸி பாடினாள்.

*மானத்துல மேகமில்ல, மாட்டுக்குமே தண்ணியில்ல,*
*ஏனத்துல உப்பிருக்கு, எடுத்துக்கோ தாயே...*

செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். 'எடுத்துக்கோ' என்ற இடத்தில் குரல் கீழே இறங்கி, தரையில் பாயை விரித்தாற்போல் பரவியது. மதியழகன் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆனாலும், "சொல்லி அனுப்புறேன் மேடம்" என்றுதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் பார்சல் ஆபீசுக்குப் போன் வந்தது.

"சார், ஜெஸ்ஸி மேடம் இருக்காங்களா?"

"நான்தான் சார் பேசுறேன்."

மதியழகன் மன்னிப்புக் கேட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். வீரணனாக ஆனந்த்ராஜ் என்ற பையனைப் பிடித்திருக்கிறார்கள். பைக் ஷோரூமில் வேலை, நல்ல உயரம், மீசை, மேடையில் நின்றால் கண்ணை எடுக்க முடியாது. பாட்டு மட்டும் வரவில்லை. அவன் வாயசைக்க, திரைக்குப் பின்னால் இருந்து ஜெஸ்ஸி பாட முடியுமா?

ஜெஸ்ஸி ஒத்துக்கொண்டாள். பிராங்க்ளினுக்குத்தான் மனசு ஆறவில்லை. "மறுபடியும் கடைசி வரிசையா?" என்றான். "கடைசி வரிசையா இருந்தாலும் சத்தமாப் பாடலாம்ல" என்றாள் அவள்.

ஆறு ஊர்களில் நாடகம் நடந்தது. மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி, அதன் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு மைக். துணியில் இருந்த கிழிசல் வழியாக ஆனந்த்ராஜின் முதுகு மட்டும் அவளுக்குத் தெரியும். அவன் தோள் உயர்ந்தால் மூச்செடுக்கிறான் என்று அர்த்தம், உடனே இவள் பாட்டை எடுக்க வேண்டும். நாலாவது நாடகத்துக்குள் இருவரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிட்டார்கள். கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

ஆறாவது நாடகம் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு முடிந்துவிட்டது. குழுவினர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, கண்ணம்மாள் என்ற அம்மாள் நேராக ஆனந்த்ராஜிடம் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஊரில் ஆடு வளர்க்கிறவள்.

"அப்பு, அந்த 'ஏனத்துல உப்பிருக்கு'ன்னு பாடுனியே, அத ஒருக்காப் பாடு சாமி. போன வருசம் மழையில்லாம பதினோரு உருப்படிய வித்தேன். அதக் கேக்கையில எனக்கு என்னமோ பண்ணிருச்சு."

ஆனந்த்ராஜ் சோற்றில் கையை வைத்தபடி, "தொண்ட கட்டியிருக்கும்மா" என்றான்.

"அடப் பாவமே, இரு வாரேன்" என்று அந்த அம்மாள் போய்விட்டாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள், மிளகு தட்டிப் போட்ட சூடான பாலோடு. "குடி. குடிச்சிட்டு மெல்லப் பாடு. அம்புட்டும் வேணாம், ஒரு அடி போதும்."

ஆனந்த்ராஜ் டம்ளரை வாங்கினான். குடிக்கவில்லை. காது மடல் சிவந்துபோயிருந்தது. பிறகு டம்ளரை அப்படியே ஜெஸ்ஸியின் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாடுனது நான் இல்லம்மா. இந்த அக்காதான்."

கண்ணம்மாள் ஜெஸ்ஸியை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படுவாளோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவளோ, "அப்ப நீ ஏந்தா உள்ள போய் உக்காந்திருந்த?" என்று கேட்டாள். குழந்தை கேட்பது மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஜெஸ்ஸி எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, சுருதியில்லாமல் அந்த ஒரு அடியைப் பாடினாள். கண்ணம்மாள் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

வேனில் திரும்பும்போது ஆனந்த்ராஜ்தான் பேச்சை எடுத்தான். "சார், இனிமே அக்காவே வீரணனா நிக்கட்டும். என்னால அந்தப் பாலக் குடிக்க முடியல சார்."

மதியழகன் யோசித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பயம்தான். "பொம்பள மீசை வச்சு வண்டியோட்டியா வந்தா, சனங்க சிரிச்சிட்டா என்ன பண்ண? பஞ்சத்தப் பத்தின நாடகம். ஒருக்காச் சிரிப்பு வந்துச்சுன்னா திருப்பிக் கொண்டார முடியாது."

"சிரிச்சா சிரிக்கட்டும்னு சொல்லல சார்" என்றாள் ஜெஸ்ஸி. "மறுபடியும் தேர்வு வைங்க. நானும் வாரேன், தம்பியும் வரட்டும், யாரு வேணும்னாலும் வரட்டும். பாட்டும் பாருங்க, நடையும் பாருங்க. எனக்கு வரலைன்னா நான் உள்ளயே உக்காந்து பாடுறேன்."

மூன்று வாரம் தவணை கொடுத்தார் மதியழகன். பாட்டைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, நடைதான் பாடாய்ப் படுத்தியது. வீட்டில் கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தி நடந்து பார்த்தாள். "போலீஸ்காரம்மா மாதிரி இருக்கு" என்றான் பிராங்க்ளின். அப்புறம்தான் ஆபீஸ் ஞாபகம் வந்தது. அவள் மேசைக்கு முன்னால் தினமும் பத்துப் பேர் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறார்கள். பதினோரு வருடமாக அவர்களைப் பார்க்காமலே பில் போட்டிருக்கிறாள்.

பார்க்க ஆரம்பித்தாள். சங்கிலி என்ற லோடுமேன் மூட்டையோடு நடக்கும்போது கால் பரப்பி, பாதம் முழுதும் பதித்து நடப்பான். கை வீச மாட்டான். மூட்டையை இறக்கிய பிறகும் நாலு எட்டு அதே நடைதான், அப்புறம்தான் உடம்புக்குப் பாரம் போனது தெரியும். அந்த நாலு எட்டுதான் வீரணன் என்று ஜெஸ்ஸிக்குப் புரிந்தது. மதிய நேரத்தில் ஆபீஸ் ஓய்ந்திருக்கும்போது, சங்கிலியிடம் ஒரு சிப்ப மூட்டையைத் தூக்கித் தன் தோளில் வைக்கச் சொன்னாள்.

"யக்கா, இடுப்புப் புடிச்சிக்கிரும். எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்றான் சங்கிலி.

"நாடகத்துக்குப்பா."

"நாடகத்துக்குன்னா பஞ்சு மூட்டை போதும்ல?"

"நடை பொய்யாயிரும்."

அவன் வேறு எதுவும் கேட்காமல் தூக்கி வைத்தான். தினமும் கிடங்கு வாசலில் இருந்து தராசு வரை போய் வந்தாள். இடுப்பு பிடித்துக்கொள்ளத்தான் செய்தது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

இரண்டாவது தேர்வுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். ஜெஸ்ஸி நடந்து வந்து, மூட்டையை இறக்கி, அந்த நாலு எட்டு வைத்து நின்றபோது, மதியழகன் பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. "போதுங்க" என்றார். முதல் தடவையும் அதே வார்த்தைதான். அன்றைக்கு அர்த்தம் வேறாக இருந்தது. ஆனந்த்ராஜுக்கு உப்பு வரி வசூலிக்கும் அதிகாரி வேடம் கிடைத்தது. பாட்டில்லாத வேடம். வாயசைக்கிற பயம் போனதும் அவன் பேச்சில் ஒரு நக்கல் வந்தது. ஒத்திகையிலேயே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஜெஸ்ஸி முதல் முறையாகத் துணிக்கு முன்னால் வந்து நின்றாள். மீசையைப் பிராங்க்ளின்தான் ஒட்டிவிட்டான். "வேர்வ பட்டா தூக்கும், மேல் உதட்ட ரொம்ப இழுக்காத" என்றான். மேடையேறியதும் முன்வரிசையில் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள், ஒருத்தி சிரித்தும்விட்டாள். ஜெஸ்ஸி கால் பரப்பி நின்று பாட்டை எடுத்தாள். முதல் பாட்டு பரவாயில்லை. இரண்டாவது பாட்டில் நடுவரியை மறந்துவிட்டாள். பீர் முகமது பதறாமல், மறந்ததே தெரியாத மாதிரி இடையிசையை இரண்டு தடவை சுற்றிச் சுற்றி வாசித்தார். அதற்குள் வரி வந்துவிட்டது. மூன்றாவது பாட்டு, பஞ்சப் பாட்டு. அது முடிந்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. முன்வரிசைப் பெண்கள் அப்போது பேசிக்கொண்டிருக்கவில்லை.

பிறகு இரண்டு வருடத்தில் 'உப்பு வண்டி' இருபத்தெட்டு ஊர்களில் நடந்தது. எல்லா ஊரும் ஒரே மாதிரி இல்லை. ஒரு விழாக் குழுவினர், "பொம்பள மீசை வைக்கிற நாடகம் எங்களுக்கு வேணாம்" என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார்கள். சிறுமலைக்குப் போன அன்று பஸ் கிடைக்காமல் வாழைத்தார் ஏற்றும் வண்டியில் இறங்கி வந்தார்கள். இன்னொரு ஊரில் ஒருவர் நாடகம் முடிந்து வந்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்க, அவள் மீசையை எடுத்துவிட்டு, "திண்டுக்கல்லுதாண்ணே" என்றாள். அந்த மனிதர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, அப்புறம் தன் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

இந்த வருடம் மதியழகன் புது நாடகம் எழுதியிருக்கிறார். தேர்வுக்கு எழுபது பேர் வந்தார்கள். நேராக வேடம் தருகிறேன் என்று அவர் சொன்னதை ஜெஸ்ஸி கேட்கவில்லை. டோக்கன் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய வேடம் வேடசந்தூரில் இருந்து வந்த அறிவுச்செல்வி என்ற காலேஜ் பெண்ணுக்குப் போனது. பாட்டைக் கேட்டதுமே அது சரிதான் என்று ஜெஸ்ஸிக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு ஊர்த்தலைவர் வேடம்.

"எத்தன பாட்டு?" என்று வேனில் ஏறும்போது பிராங்க்ளின் கேட்டான்.

"ஒண்ணுதான்."

"வருத்தமா?"

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "வெளிய வந்தப்ப இருந்துச்சு. இப்ப இல்ல. பாட்டு நல்ல பாட்டுங்க, கொஞ்சம் கஷ்டமான பாட்டு" என்றாள்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, பாட்டை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். பாதி வரி முனங்குவதற்குள் போன் அடித்தது. எடுத்து, கரூர் லாரி கிளம்பிவிட்டதைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து மறுபடி தொடங்கினாள்.