கடலுக்குப் போன வள்ளங்களை எண்ணச் சொன்னேன்

போன வாரம் ஒரு சின்னக் குழந்தையை அழ வைத்துவிட்டேன். இன்னும் மனசு கூசுகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மாரியூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். என் தங்கை அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர். "அண்ணே, பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் குடுக்க ஒரு படப் புத்தகம் செய்யணும். வந்து ஒத்தாசை பண்ணுங்களேன்" என்றாள். நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிடுகிறார்களே! கலர் டப்பாவும் பிரஷ்ஷுமாக ராமநாதபுரத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

மார்கழி அல்லவா? 'குளிர்காலம்' என்று அட்டையில் எழுதினேன். முதல் பக்கத்தில் நான் வரையப் போனது என்ன தெரியுமா? பனிப் பொம்மை! எந்த இங்கிலீஷ் புத்தகத்தில் பார்த்தேனோ... தங்கை ஒரு பார்வை பார்த்தாள். "இதுகளுக்கு வாடைக்காத்துதாண்ணே தெரியும்" என்றாள்.

சரி என்று பிள்ளைகளையே கேட்டேன். ஒரே கூச்சல். ஒரு போர்வை, அதற்குள் இரண்டு தம்பிகள், மூன்று தும்மல் — தும்மலை எப்படி ஸார் வரைவது? — ஆறு வரை மளமளவென்று வந்துவிட்டது.

ஏழாம் பக்கத்துக்கு யோசனை என்னுடையது. வாடையில் கடலுக்குப் போகும் வள்ளங்கள். மறுநாள் விடிந்ததும் எல்லோரையும் கரைக்குக் கூட்டிப் போனேன். வள்ளங்கள் பாய் விரித்துக் கிளம்பியிருந்தன. சூசையம்மா என்ற குட்டியிடம், "எங்கே, எண்ணு பார்க்கலாம்" என்றேன்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கடலுக்குப் போறத எண்ணக் கூடாது ஸார். கரைக்கு வந்தப்புறந்தான் எண்ணணும். எங்க அய்யாவும் போறாக."

நான் பகுத்தறிவுக்காரன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? "எண்ணினால் கடல் முழுங்கிவிடுமா? எண்ணினால்தான் மிட்டாய்!" என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தன. அவள் என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்... வாய்க்குள்ளேயே எண்ணி முடித்தாள். ஏழு. நான் கை தட்டினேன் — மடையன்!

மத்தியானத்துக்கு மேல் வாடை வலுத்தது. பொழுது சாய்வதற்குள் ஆறு வள்ளங்கள் வந்து சேர்ந்தன. வராதது அவள் அப்பா ராயப்பின் வள்ளம்.

கரையில் பெண்கள் ஜெபமாலையோடு நின்றார்கள். சூசையம்மா, "நாந்தாம்மா எண்ணிட்டேன், நாந்தான்" என்று தன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அந்த அம்மாள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தாள். கிட்டே போய் ஆறுதல் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தங்கையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சீ, என்ன மனுஷன் நான்!

நமக்கெல்லாம் இது ஒரு வியாதி. அடுத்தவர் பயப்படுவதைப் பார்த்தால் உடனே திருத்தியாக வேண்டும். அந்தப் பயத்துக்குள் யாருடைய அய்யா இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை.

மறுநாள் மத்தியானம் ராயப்பு கால்நடையாக வந்து சேர்ந்தார். காற்று தள்ளிக்கொண்டு போய் வேம்பார்ப் பக்கம் கரை ஒதுக்கிவிட்டதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அட போங்க ஸார். எண்ணுனா வள்ளம் போயிருமா? காத்து அடிச்சுச்சு, தள்ளிருச்சு. புள்ளதான் தன்னாலதான்னு சோறு திங்காமக் கெடக்கு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவள் எதிரில் மணலில் உட்கார்ந்தேன். "உன் மேல தப்பே இல்லம்மா. நீ வேண்டாம்னுதானே சொன்னே? எண்ண வெச்சது நான். கெட்டது எது வந்தாலும் அது எனக்குத்தான் வரணும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு பயந்துபோய்க் கேட்டாள்:

"அப்ப உங்க அய்யா எங்கன இருக்காக ஸார்? நல்லா இருக்காகளா?"

அதற்கு அவள் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்!