அங்கிள் கொடுத்த லீவுச் சம்பளம்

வளைகாப்பை அங்கிள் வீட்டில்தான் வைத்தார்கள். அங்கிள் என்றால் உறவில்லை. அமெரிக்காவில், மில்பிடாஸில் நான் வேலை பார்த்த எட்டுப் பேர் கம்பெனியின் முதலாளி. என் கை நிறைய வளையல் ஏறியதும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "லீவு முழுக்க ஃபுல் சம்பளம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

கைதட்டினார்கள். திரும்பும் வழியில் என் வீட்டுக்காரரிடம் சந்தேகத்தைச் சொன்னேன். சட்டம் கேட்காததை ஒரு முதலாளி கொடுக்கிறார் என்றால், சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"உனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கள் இருவரின் கிரீன் கார்டும் அங்கிளின் கையெழுத்தை நம்பித்தான் இருந்தது.

மகள் பிறந்த சில வாரத்தில் அங்கிளும் ஆன்ட்டியும் பூண்டுக் குழம்போடு வந்தார்கள். ஆன்ட்டி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார்.

"ஸ்டேட்ல இருந்து செக் வந்துச்சாம்மா?" என்றார் அங்கிள்.

வந்திருந்தது. பிரசவத்தால் சம்பளம் இழந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் பணம். அங்கிள் சொல்லித்தான் விண்ணப்பித்தேன். சம்பளமும் வரத் தொடங்கியதும் பயந்து, செக்கை மாற்றாமல் வைத்திருந்தேன்.

"பின்னாடி சைன் பண்ணி எங்கிட்டக் குடுத்துடு. சின்ன கம்பெனி, குடுத்தத ரெகவர் பண்ணணும்ல? முன்னாடி பிள்ளை பெத்தவங்களும் இப்படித்தான் குடுத்தாங்க."

"ரெண்டு பக்கமும் வாங்கினா தப்பாச்சே அங்கிள். மாட்டினா நான்தானே மாட்டுவேன்?"

"யாரும்மா மாட்டிவிடப் போறா?" குழம்பில் உப்பு சரியா என்று கேட்கிற குரல். "உன் கிரீன் கார்டு பேப்பர் வேற என் டேபிள்ல இருக்கு. அடுத்த வாரம் கையெழுத்துப் போடணும்."

வீட்டுக்காரர் கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம்தான், ஆனால் என் கையாலேயே திருடச் சொல்லிவிட்டு நம்ம பொண்ணு என்கிறாரே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"செக்க ஸ்டேட்டுக்கே திருப்பி அனுப்பிடறேன் அங்கிள்."

அங்கிள் கார் சாவியை எடுத்தார்.

"உன் இஷ்டம்மா" என்று எழுந்தார். ஆன்ட்டி குழந்தையை என்னிடம் கொடுத்தார். சமையலறைக்குப் போய், திறக்காத குழம்புப் பாத்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"இனி என்ன பண்றது?" என்றார் வீட்டுக்காரர்.

மகள் கொட்டாவி விட்டாள். இந்த நாட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அங்கிளின் கையெழுத்து தேவைப்படாதவள் அவள் ஒருத்திதான்.