பேராச்சியின் இரண்டு விரல்

"ஏலே, ஒழுங்கா நகருதியா, இல்ல கழத்திப் போடட்டுமா?" என்று லேப்டாப்பை அதட்டிக்கொண்டிருந்தார் இசக்கிராஜ். மனிதர்களுக்கு 'வாங்க, போங்க'. மெஷினுக்கு மட்டும் மரியாதை கிடையாது. தாராவியில் மாவு மில்லுக்கு மேலே கடை. ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளில் லினக்ஸ் ஏற்றி விற்கிறார். மாட்டி முடித்தபின் மூன்று திருகாணி மிச்சம் கிடந்தால், "கம்பெனிக்காரன் சும்மா போட்டிருக்கான்" என்பார்.

நான் கீபோர்டு மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பேராச்சி, அங்கே வாங்கிய லேப்டாப்போடு மூன்றாம் முறையாக. தோல் பை தைப்பவர். திங்கட்கிழமை, நவி மும்பை ஐரோலியில் ஓர் ஆபீஸ் வேலைக்கு ஆன்லைன் தேர்வு. டச்பேடில் இரண்டு விரல் வைத்துத் தேய்த்தால் பக்கம் நகர வேண்டும், அவருக்கு நகரவில்லை. மவுஸ் செருகலாமே என்பீர்கள். யூஎஸ்பி துளை இரண்டும் அவுட்.

இசக்கிராஜ் தேய்த்தால் ஜம்மென்று நகர்ந்தது. முந்தைய இரண்டு தடவையும் அப்படி அவரே தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார். இப்போது எரிச்சல். "நீங்க தேய்க்குத லட்சணம் அப்படி, அக்கா." வாயை அடக்கியிருக்கலாம் மனிதர்.

பேராச்சி விரல்களை நீட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்தன. "தடிச்ச வெரலு, கம்ப்யூட்டருக்கு லாயக்கில்லன்னு கூட தைக்குதவளுவ சொன்னாளுவ. கல்லுல தேச்சுப் பாத்தேன் தம்பி. மெலிய மாட்டேங்கு."

இசக்கிராஜ், டச்பேடை இயக்கும் டிரைவர் மென்பொருள் எதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று வரிவரியாகக் காட்டும் கறுப்புத் திரையைத் திறந்தார். அவர் தொட்டபோது 'விரல், விரல்' என்று வந்தது. பேராச்சி தொட்டதும் 'உள்ளங்கை' என்றது. டைப் அடிக்கையில் உள்ளங்கை பட்டால் கண்டுகொள்ளாதே என்று டிரைவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காகப் பைத்தோலை அழுத்தி அகன்றுபோன விரல்களை அது உள்ளங்கையென்று தள்ளியிருக்கிறது.

"அரே சாலா! இந்த மூதி உங்க வெரல உள்ளங்கைன்னுல்லா நெனச்சிருக்கு! உங்க கையில ஒரு கொறையும் இல்லக்கா. அளவு வச்சவன் இப்படி ஒரு கைய பாத்ததில்ல. நானும் பாக்கலியே."

ஏழு தடவை விரல் வைக்கச் சொல்லி அளந்து, டிரைவரின் கோப்பில், எவ்வளவு அகலம் இருந்தால் உள்ளங்கை என்ற எண்ணை உயர்த்தினார். பக்கம் நகர்ந்தது. பேராச்சி அடிவரை போனார், மேலே வந்தார், மறுபடியும் போனார். "வருது தம்பி, வருது!"

லேப்டாப்பைப் பையில் வைக்க இசக்கிராஜ் திருப்பியபோது, அடியில் அவர் போன வாரம் ஒட்டிய சீட்டு தெரிந்தது: 'கோளாறு: கஸ்டமர் கை.' பேராச்சி பார்ப்பதற்குள் அதை நகத்தால் சுரண்டியெடுத்து, கசக்கித் தன் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.