மணிக்கு ஆறு ரூபாய்

எதற்குச் செலவு செய்தாலும் அதை மணிக்கணக்கில் வகுத்துப் பார்ப்பது வஹீதா அக்காவின் பழக்கம். திருச்சி பாலக்கரையில் அவள் தையல் தைக்கும் வீட்டில் ஒன்பது வருடமாக ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் நான், வகுத்தல் வராது. அவளுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் வந்துவிடும். சினிமா, ஆட்டோவும் பாப்கார்னும் சேர்த்து, மணிக்கு இருநூறு. பொருட்காட்சி நூற்றைம்பது. முக்கொம்பு அணைப் பூங்கா மலிவுதான், ஆனால் தனியாகப் போய் என்ன செய்வது என்பாள்.

எல்லாவற்றிலும் மலிவு போனில் ஆடும் லூடோ. அவள் வீட்டுக்காரர் சேக் மைதீன் சவூதியில் தம்மாமில் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுது சாப்பிட்டு அவர் படுக்கும்போது இங்கே மணி நான்கு. ரூமில் இன்னும் ஆறு பேர் தூங்குவதால் பேச முடியாது, ஆடலாம். விளம்பரம் வராமலிருக்க மாதம் நாற்பத்தொன்பது ரூபாய். மாதத்தில் எட்டு மணி நேரம் ஆடுவார்கள்.

"மணிக்கு ஆறு ரூபா" என்று மாடி வீட்டு மஹ்ஜபீனிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னாள்.

"ஆறு ரூபாய்க்குப் புருஷனா? எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்கக்கா. என் ஆளு வீட்டிலேயே இருக்காரு, செலவு தாங்கல."

அக்கா சிரித்துச் சிரித்துத் துணியில் கோணலாகத் தையல் ஓட்டிவிட்டாள்.

அவர் ஆடுவதில் ஒரு வழக்கம் இருந்தது. அக்காவின் காயை வெட்ட வழி கிடைத்தாலும் வெட்டமாட்டார். வேறு காயை நகர்த்திவிட்டுப் போவார். போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு வாசல் வரை வந்துவிட்ட அவள் சிவப்புக் காயை அவருடைய பச்சைக் காய் வெட்டிவிட்டது. அக்கா தையல் மெஷினில் சாய்த்து வைத்திருந்த போனையே பார்த்தாள்.

"நேத்து எப்ப வருவீங்கன்னு கேட்டேன்ல பானு, அதான் கோவம் போல."

அடுத்த வாரமும் வெட்டியது. அதற்கடுத்த வாரமும். எப்போது வருவீங்க என்று கேட்பதை அக்கா நிறுத்திவிட்டாள். தினமும் போனில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்டு வைத்துவிடுவாள்.

நான் வேறொன்றைக் கவனித்தேன். பச்சைக் காய் ஒவ்வொரு முறையும் ஒரே நேர இடைவெளியில் நகர்ந்தது. மனுஷன் என்றால் ஒருதரம் யோசிப்பான், ஒருதரம் அவசரப்படுவான். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறாவது வாரம் ஆட்டத்தின் நடுவே, "உன் போனைக் குடுடி, மன்னிப்புக் கேட்டுடறேன்" என்று வாங்கி அவருக்குப் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. அது அடிக்கும்போதே, மெஷினில் சாய்ந்திருந்த போனில் பச்சைக் காய் நான்கு கட்டம் போயிற்று.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொக்கி டப்பாவைப் பார்த்தேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டுத் தைத்தபடி பேசினாள்.

"தூங்கிட்டீங்களா?"

"இப்ப ஓவர்டைம் ஜாஸ்தி வஹீதா. உக்காந்தா கண்ணு சொக்குது. தானா ஆடுற மாதிரி வச்சுட்டுப் படுத்துடறேன். ஆன்லைன்ல என் பேரு பச்சையா எரியலேன்னா நீ தேடுவியே."

"அப்ப என் காயை வெட்டினது?"

"வெட்டுச்சா? எனக்கெங்க தெரியும்."

மெஷின் நின்றது. இத்தனை வாரமாகக் கேட்காததை அக்கா அப்போது கேட்டாள். "எப்ப வருவீங்க?"

அவர் இரண்டு வருடத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றார். சொல்லலாம் சொல்லலாம் என்றிருந்தேன், நீயும் கேட்கவில்லை என்றார்.

"சரி, தூங்குங்க. ஆனா அதை அணைச்சுடாதீங்க" என்றாள் அக்கா.

அவர் வர இன்னும் ஒன்றே கால் வருடம் இருக்கிறது. மாதம் நாற்பத்தொன்பது ரூபாய் போகிறது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் தூங்குகிறார், அக்கா ஆடுகிறாள், பச்சைக் காய் வெட்டுகிறது. மணிக்கு எவ்வளவு என்று அவள் இப்போது சொல்வதில்லை.